சென்னையில் சில மணி நேரம்: இரண்டு பயணங்களுக்கு நடுவே ஊருக்குள் போய் வரும் முறை

எங்கள் வீடு நங்கநல்லூரில். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேல் இறங்கும் விமானத்தின் சக்கரம் தெரியும். அதனால் மலேசியாவிலிருந்து வரும் அத்தை குடும்பம், திருநெல்வேலியிலிருந்து சிங்கப்பூர் போகும் தம்பி, டெல்லிக்கு வண்டி மாறும் மாமா என்று, நடுவில் ஐந்து மணி நேரமோ எட்டு மணி நேரமோ சென்னையில் மாட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் எனக்குத்தான் போன் செய்வார்கள். பலரை ஊருக்குள் கூட்டிப்போயிருக்கிறேன். சிலரை "வேண்டாம், அங்கேயே உட்காருங்கள்" என்று தடுத்தும் இருக்கிறேன்.

யார் யார் எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். முதல் நான்கு படிகளை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு யோசிக்க ஆரம்பித்தால் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

1. நேரத்தைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

எல்லோரும் செய்யும் முதல் தவறு இதுதான். "காலை 7 மணிக்கு இறங்குகிறேன், மாலை 5 மணிக்கு அடுத்த விமானம். பத்து மணி நேரம் இருக்கிறது" என்பார்கள். பத்து மணி நேரம் இல்லை. எப்படி என்று பாருங்கள்.

அடுத்த விமானம் உள்நாட்டு விமானம் என்றால் இரண்டு மணி நேரம் முன்பு விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம். பெட்டி போடும் கவுண்ட்டரை விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் வாசலில் அடையாள அட்டை சோதனைக்கும் ஒரு வரிசை உண்டு. எனவே 5 மணி விமானத்துக்கு 3 மணிக்குத் திரும்பியாக வேண்டும்.

இந்தப் பக்கம் பாருங்கள். 7 மணிக்கு விமானம் தரையைத் தொட்டாலும் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர 8:15 ஆகிவிடும். மீதி ஆறே முக்கால் மணி நேரம். போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் கழியுங்கள். ஊருக்குள் நிற்கக் கிடைப்பது நாலேகால் மணி நேரம்.

திரும்பி வர ஏன் அரை மணி நேரம் கூடுதல்? போகும்போது தாமதமானால் ஒரு இடத்தை விட்டுவிடலாம். வரும்போது தாமதமானால் விமானத்தையே விட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக மிஞ்சினால் வெளியே போகாதீர்கள். அந்த நேரத்துக்கு விமான நிலையத்திலேயே காபி குடித்துவிட்டுக் காலை நீட்டிக்கொள்வது மேல்.

2. வெளியே வர உங்களுக்கு அனுமதி இருக்கிறதா

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். மலேசிய, சிங்கப்பூர், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். விசா இல்லாமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வர முடியாது. சில மணி நேரத்துக்குத்தானே என்ற சலுகை கிடையாது. மின்விசாவைச் சில நாட்கள் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து, வந்த அனுமதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருந்தால் போதும் என்று நினைத்த என் அத்தை மகனுக்கு, வரிசையில் நிற்கும்போது போன் அணைந்துவிட்டது. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பெட்டி. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தியாவுக்குள் இன்னொரு ஊருக்குப் போகிறவர்கள், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், பொதுவாகச் சென்னையில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மறுபடியும் கொடுக்க வேண்டும். ஏறும் ஊரிலேயே கவுண்ட்டரில் கேளுங்கள்: "பெட்டியைச் சென்னையில் நான் எடுக்கணுமா?" இந்த ஒரு கேள்விக்கான பதில்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

3. பெட்டியை என்ன செய்வது

இரண்டு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதியில் நடக்க முடியாது. இதற்கு வழி வைத்துக்கொண்ட பிறகுதான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அடுத்த விமானத்துக்கான பெட்டியை அப்போதே வாங்கிக்கொள்வார்களா என்று விமான நிறுவனத்தின் கவுண்ட்டரில் கேட்டுப் பாருங்கள். வாங்கிக்கொண்டால் பெரிய சுமை போயிற்று.

ரயிலில் வருபவர்களுக்கு எழும்பூரிலும் சென்ட்ரலிலும் பொருள் காப்பறை இருக்கிறது. செல்லுபடியாகும் டிக்கெட் வேண்டும், பை பூட்டியிருக்க வேண்டும். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். என் சித்தி ஒருமுறை ஜிப் வைத்த துணிப்பையோடு வந்து நின்றார். அந்த ஜிப்பில் பூட்டு மாட்ட வளையமே இல்லை. வெளியே ஓடி ஒரு சின்னப் பூட்டும், அதை மாட்ட ஒரு பையும் வாங்கி வர முக்கால் மணி நேரம் போனது. ஊரிலிருந்து கிளம்பும்போதே பூட்டு போட்டு வாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: பையை எழும்பூரில் வைத்தால் எழும்பூருக்கே திரும்பி வந்து எடுத்துக்கொண்டுதான் விமான நிலையம் போக வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

மூன்று நான்கு பேராக இருந்து, பெட்டியும் நிறைய இருந்தால் நாள் வாடகைக்கு ஒரு கார் பிடித்துவிடுங்கள். பெட்டி வண்டியிலேயே இருக்கும். கடவுச்சீட்டும் நகையும் மட்டும் உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும்.

4. கையில் இருக்க வேண்டியவை

பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக ஓர் ஐந்நூறு ரூபாய் வையுங்கள். சென்னையில் பூக்காரம்மாகூட யுபிஐ அட்டை வைத்திருக்கிறார். ஆனால் வெளிநாட்டு வங்கிக் கணக்கு வைத்திருப்பவருக்கு அது உதவாது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் ஆட்டோவில் சில்லறை கிடைக்காது.

வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்கள் சென்னை வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய வைஃபைக்கு ஓடிபி வர வேண்டும். வெளிநாட்டு எண்ணுக்கு அது வரும் என்று நம்பி நிற்க வேண்டாம். சில மணி நேரத்துக்காகச் சிம் கார்டு வாங்கப் போகாதீர்கள். அதற்கே அரை நாள் போகும்.

சட்டென்று கழற்றி மாட்டும் செருப்பு, ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடை. குளிர்நாட்டிலிருந்து வருபவர்கள் ஜீன்ஸை மாற்றி மெல்லிய பருத்தி உடை போட்டுக்கொண்டு கிளம்புங்கள். கோயிலுக்குப் போவதாக இருந்தால் முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடை.

5. கிழமையும் மதியமும்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அன்று என்ன கிழமை என்று பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை திறக்காது. கோட்டை அருங்காட்சியகமும் அப்படித்தான். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய் விடுமுறை. மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை.

கிழமையை விட முக்கியமானது மதியம். சென்னையின் பெரிய கோயில்கள் பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். நடுவில் நான்கு மணி நேரம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இது தெரியும், ஆனால் பயண அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

அத்தையோடு ஒருமுறை கபாலீசுவரர் கோயிலுக்குப் போனபோது மணி 12:20. கிழக்குக் கோபுரத்தின் பெரிய கதவு சாத்தியிருந்தது. வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "நாலு மணிக்கு வாம்மா" என்றார். அத்தைக்கு மூன்று மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். முப்பது வருடம் கழித்து வந்தவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அந்த அம்மாவிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார். அன்று காலை வழியில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து நாற்பது நிமிடம் செலவழித்திருந்தோம். அந்த நாற்பது நிமிடம்தான். அதிலிருந்து நான் சொல்வது இது: கோயில் உங்கள் பட்டியலில் இருந்தால் அதற்கு முன்னால் வேறு எதையும் வைக்காதீர்கள், சிற்றுண்டியைத் தவிர.

6. ஒரு பேட்டை மட்டும்

மெரினா, மயிலாப்பூர், தி.நகர், பாரிமுனை என்று நான்கையும் எழுதிக்கொண்டு வருபவர்கள் நான்கையும் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்து அங்கே நடங்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கமெல்லாம் சாலைகளைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் பத்து நிமிடம் என்று காட்டும் தூரம் அரை மணி நேரம் பிடிக்கும்.

முதல் படியில் போட்ட கணக்கின்படி ஊருக்குள் கிடைக்கும் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு மணி நேரம் என்றால் விமான நிலையத்தை ஒட்டியே இருங்கள். சாலைக்கு எதிர்ப்புறம் திரிசூலத்தில் மலையடிவாரத்தில் சோழர் காலச் சிவன் கோயில் இருக்கிறது. பெரும்பாலோருக்கு இது தெரியாது. நங்கநல்லூரில் 32 அடி உயர ஒற்றைக்கல் ஆஞ்சநேயர். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிலையம் நங்கநல்லூர் சாலை. இரண்டு கோயிலும் மதியம் மூடியிருக்கும். மதியமாக இருந்தால் பரங்கிமலை. மலை உச்சியில் பழைய தேவாலயம், கீழே ஓடுபாதை. நீங்கள் ஏறப்போகும் விமானம் மாதிரியே ஒன்று கண்ணெதிரே இறங்குவதைப் பிள்ளைகள் விடாமல் பார்ப்பார்கள்.

மூன்று மணி நேரத்துக்கு மேல், காலை வேளை என்றால் மயிலாப்பூர். மதியம் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம். மாலை என்றால் தி.நகர், அல்லது ஐந்து மணிக்கு மேல் மெரினா. வெயில் நேரத்தில் மெரினா மணலில் கால் வைக்க முடியாது. எந்த நேரமானாலும் கடலில் இறங்காதீர்கள், அங்கே இழுப்பு அதிகம்.

7. ஊருக்குள் போகும் வழி

தனியாகவோ இருவராகவோ, சின்னப் பையோடு இருந்தால் மெட்ரோ. விமான நிலையத்தோடு சேர்ந்தே நிலையம் இருக்கிறது. நீல வழித்தடம் கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு வழியாகச் சென்ட்ரலுக்குச் சுமார் நாற்பது நிமிடத்தில் போகும். வழியில் கத்திப்பாரா சந்திப்பில் வண்டிகள் நின்றாலும் மெட்ரோ நிற்காது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். அதிகாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடுகிறது. கவுண்ட்டரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கும்போதே திரும்பி வரும் வழியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோயம்பேடு, வடபழனிப் பக்கம் போக ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். அங்கே இரண்டு வழித்தடமும் வெவ்வேறு தளத்தில் இருப்பதால் புதியவர்கள் எதிர்த் திசை ரயிலில் ஏறிவிடுகிறார்கள். நடைமேடைப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

இன்னொரு வழி புறநகர் மின்சார ரயில். விமான நிலையத்துக்கு முன்னால் ஓடும் ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் நிலையம். சென்னைக் கடற்கரை நிலையம் போகும் ரயிலில் ஏறினால் மாம்பலம், எழும்பூர் இரண்டுக்கும் மாறாமல் போகலாம். ஐந்து பத்து ரூபாய்தான் டிக்கெட். காலை 8 முதல் 10:30 வரை கூட்டம் நெரிக்கும். அந்த நேரத்தில் முதியவர்களையும் பெட்டியையும் இதில் ஏற்ற வேண்டாம்.

செயலியில் கேப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு விஷயம். வண்டி வருகை வாசலுக்கு வராது. பல அடுக்கு வாகன நிறுத்தத்தில்தான் ஏற்றுவார்கள். அங்கே நடக்க, ஓட்டுநரைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் வையுங்கள். வாசலிலேயே நின்று போனில் சண்டை போடுபவர்களைத் தினமும் பார்க்கலாம். அவசரமாக இருந்தால் உள்ளே இருக்கும் ப்ரீபெய்டு டாக்சி கவுண்ட்டர் எளிது.

ஆட்டோவுக்கு ஏறுவதற்கு முன் செயலியில் என்ன தொகை காட்டுகிறது என்று பாருங்கள். அதை வைத்துப் பேசலாம். இருபது முப்பது ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிட்டு ஏறுங்கள். உங்களிடம் இருப்பது சில மணி நேரம், அதில் பத்து நிமிடத்தைப் பேரத்துக்குக் கொடுக்காதீர்கள்.

தென் மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். கோயம்பேடு வரை போகும் என்று நினைத்துத் தூங்கிவிடாதீர்கள். கிளாம்பாக்கம் வண்டலூரைத் தாண்டி இருக்கிறது. விமான நிலையம் ஊருக்குள் போகும் வழியிலேயே வந்துவிடும். ரயிலில் வருபவர்கள், அடுத்து விமானம் என்றால், தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வருவது எழும்பூர் போய்த் திரும்புவதை விட வெகு சுலபம்.

8. மயிலாப்பூர்: மூன்று மணி நேரம்

எனக்கு மிகப் பிடித்த பேட்டை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெட்ரோவில் தேனாம்பேட்டையில் இறங்கி, எல்டாம்ஸ் சாலை, ஆழ்வார்பேட்டை வழியாக ஆட்டோவில் வாருங்கள். சென்ட்ரல் பக்கமிருந்து வந்தால் பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் (உயரமான பாதையில் ஓடும் மின்சார ரயில்) பிடித்துத் திருமயிலையில் இறங்கலாம். அங்கிருந்து கோயில் நடக்கிற தூரம்.

முதலில் சிற்றுண்டி. காரணம், மயிலாப்பூரின் நல்ல மெஸ்களில் காலைப் பலகாரம் பத்து, பத்தரைக்குள் தீர்ந்துவிடும். கோயில் பன்னிரண்டு வரை இருக்கும். அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் இருக்கிறது. இடம் சின்னது, தெருவில் நின்று காத்திருக்க வேண்டும். நேரம் இருப்பவர்களுக்கு அது சரி. காத்திருக்க முடியாதவர்கள் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ்ஸில் பொங்கல், வடை, காபி சாப்பிட்டுவிட்டு அப்படியே கோயிலுக்குள் நுழையலாம்.

கிழக்குக் கோபுர வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போங்கள். கபாலீசுவரர் மேற்குப் பார்த்து இருப்பார். அதனால் கிழக்கே நுழைந்தவர்கள் பிராகாரம் சுற்றி அந்தப் பக்கம் போக வேண்டும். கற்பகாம்பாள் தெற்குப் பார்த்த சன்னிதி. இரண்டையும் முடித்ததும் பலர் வெளியே கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிராகாரத்தில் புன்னை மரம் இருக்கிறது. அதன் அடியில் அம்மன் மயிலாக இருந்து லிங்கத்தைப் பூஜிக்கும் சின்னச் சன்னிதி. இந்த ஊருக்கு மயிலை என்று பெயர் வந்த கதை அங்கேதான் இருக்கிறது. அந்த நிழலில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கல்தரை காலை பத்து மணிக்கே சுட ஆரம்பிக்கும், அங்கே மட்டும் குளிர்ச்சி நிற்கும். காய்ந்த புன்னைப் பூ ஒன்று இரண்டு மடியில் விழும்.

செருப்பைக் கிழக்கு வாசலில் விட்டிருப்பதால் அதே வழியாக வெளியே வந்து, வடக்கு மாட வீதி வழியாகக் குளத்தைப் பார்த்தபடி சுற்றுங்கள். வாங்க வேண்டியதை இந்தச் சுற்றில் வாங்கிவிடலாம். கோயில் நகை, பூஜைச் சாமான், பருத்திப் புடவை. நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மை. பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் அன்று மட்டும் இடைவெளிப் பயணிகள் இந்தப் பக்கம் வராதீர்கள். வந்தால் குறித்த நேரத்தில் வெளியேற முடியாது.

சுற்றி முடியும்போது தெற்கு மாட வீதிப் பக்கம் காளத்தி கடையில் ஒரு ரோஸ்மில்க். நின்றுகொண்டே குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மணி பன்னிரண்டாகி, கையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் சாந்தோம் தேவாலயம். ஆட்டோவில் பத்து நிமிடம். புனித தோமாவின் கல்லறை மேல் எழுந்த பேராலயம். கோயில்கள் மூடியிருக்கும் மதியத்திலும் திறந்திருக்கும் என்பதால்தான் இதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். காலையிலேயே சாந்தோம் போய்விட்டுப் பன்னிரண்டரைக்குக் கபாலி கோயில் வருபவர்கள் எத்தனையோ பேர்.

அர்ச்சனைத் தட்டில் வந்த தேங்காயையும் கற்பூரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்தில் எந்தப் பையிலும் போகக்கூடாது. கொப்பரையும் சோதனையில் மாட்டும். தேங்காய் மூடியை வாசலிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். விபூதி, குங்குமம், பூ போதும்.

9. எழும்பூர் அருங்காட்சியகம்: மதிய வேளைக்கு

காலை 9:30 முதல் மாலை 5 வரை. எழும்பூர் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். கட்டடங்கள் பல. புதியவர்கள் முதலில் கண்ணில் படும் கட்டடத்தில் நுழைந்து, பாடம் செய்த விலங்குகளைப் பார்த்துக் களைத்து, முக்கியமானதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

டிக்கெட் வாங்கும்போதே "வெண்கலக் கூடம் எங்கே, இன்று திறந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். நேராக அங்கே போங்கள். திருவாலங்காட்டு நடராசரும், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே இருக்கிறார்கள். கோயிலில் பட்டும் பூவும் சாத்திப் பார்த்த உருவத்தை இங்கே வெறும் உலோகமாகப் பார்க்கலாம். அர்த்தநாரீசுவரரின் வலப்பக்கத் தோளுக்கும் இடப்பக்க இடுப்புக்கும் நடுவே கோடு எங்கே மாறுகிறது என்று தேடிப் பாருங்கள், எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதன் பிறகு நேரம் இருந்தால் அமராவதிச் சிற்பங்கள். மற்றதை அடுத்த முறைக்கு வையுங்கள்.

10. தி.நகர்: வாங்குவதற்கு மட்டும்

மாம்பலம் நிலையத்தில் இறங்கியதும் ஆகாய நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் இறங்காமல் உஸ்மான் சாலைப் பக்கம் போய்விடலாம். கடைகள் ஒன்பதரை பத்துக்குத்தான் சுறுசுறுப்பாகும், அதனால் அதிகாலையில் இறங்கியவர்கள் இங்கே வந்து பயனில்லை.

முதலில் பட்டியல், பிறகு ஒரே கடை. பட்டு வேண்டுமென்றால் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே முடியுங்கள். நான்கு கடை ஏறி இறங்கி விலை பார்ப்பது உள்ளூர்க்காரர்கள் செய்வது. பாத்திரம், ஊறுகாய், எண்ணெய் போன்ற கனமானதைக் கடைசியாக வாங்குங்கள், இல்லையென்றால் அதைச் சுமந்துகொண்டே சுற்ற வேண்டும். கைப்பை ஏழு கிலோ வரைதான் என்பதும், வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் போகாது என்பதும் ஊறுகாய் பாட்டிலை எடுக்கும்போதே நினைவில் இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில் தி.நகர் வேண்டவே வேண்டாம்.

11. மாமல்லபுரம் போகலாமா

இந்தக் கேள்வி கேட்காதவர்கள் இல்லை. ஒரு வழி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். முதல் படியின் கணக்கில் போக வர இரண்டரை மணி நேரத்துக்குப் பதிலாக மூன்றரை மணி நேரம் கழித்தும் மூன்று மணி நேரம் மிஞ்சினால் போங்கள். அதாவது மொத்த இடைவெளி பதினொரு மணி நேரமாவது இருக்க வேண்டும், அதுவும் பகலில். நினைவுச்சின்னங்கள் காலை 6 முதல் மாலை 6 வரைதான்.

கார் வைத்துக்கொண்டு போங்கள். முதலில் ஐந்து ரதம், ஏனென்றால் அங்கே நிழல் குறைவு. அப்புறம் கடற்கரைக் கோயில். இரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு, தொலைத்துவிடாதீர்கள். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருப்பதால் கடைசியில் வைக்கலாம். நேரம் குறைந்தால் வண்டியிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். காஞ்சிபுரத்தை இதோடு சேர்க்காதீர்கள்.

12. திரும்புதல்

போனில் இரண்டு அலாரம் வையுங்கள். ஒன்று கிளம்ப வேண்டிய நேரத்துக்கு, இன்னொன்று அதற்கு இருபது நிமிடம் முன்பு. முன்னால் அடிக்கும் அலாரத்தில் காசு கொடுத்து, கழிவறை போய்விட்டு, வண்டி பதிவு செய்யுங்கள். இரண்டாவது அடிக்கும்போது வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாலை 5 முதல் 8 வரை அண்ணா சாலையையும் ஜிஎஸ்டி சாலையையும் நம்பி விமானத்துக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் பக்கத்து மெட்ரோ நிலையம் வரை மட்டும் ஆட்டோ, அதற்கு மேல் மெட்ரோ. மழை பிடித்துக்கொண்டால் காலை மதியம் பார்க்காமல் அதே முறைதான். கனமழையில் ஆட்டோ கிடைக்கவே நேரமாகும், அதனால் வானம் கறுத்தவுடனே கிளம்பிவிடுங்கள்.

காரில் போகிறவர்கள் ஓட்டுநரிடம் உள்நாடா பன்னாடா என்று ஏறும்போதே சொல்லுங்கள், டிக்கெட்டில் போட்டிருக்கும் முனைய எண்ணையும் சேர்த்து. புறப்பாடு மேல் தளத்தில். தவறான வாசலில் இறங்கிப் பெட்டியோடு ஓடுபவர்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள்.

வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பவர்பேங்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பைக்கு மாற்றுவதை வரிசையில் நிற்பதற்கு முன்பே செய்யுங்கள். தி.நகரில் வாங்கிய கத்திரிக்கோல், அரிவாள்மனை எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும்.

ஊருக்குள் இருக்கும்போது விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று குறுஞ்செய்தி வரலாம். மகிழ்ந்து இன்னொரு கடைக்குள் நுழையாதீர்கள். தாமதம் என்று சொன்ன விமானத்தின் நேரம் மறுபடி முன்னுக்கு வந்துவிடுவதும் உண்டு, அப்போது நீங்கள் பாதி வழியில் இருப்பீர்கள். முதலில் போட்ட நேரத்துக்கே விமான நிலையம் வந்து, பெட்டியைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்து மல்லிகைப் பூவைத் தண்ணீர் தெளித்து வையுங்கள். போய்ச் சேரும் வரை வாடாது.